கம்பெனி இருமல்

நான் இருமினால் அது எனக்குச் சொந்தமில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு லிஃப்ட் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்க வேண்டும். கட்டடம் முழுக்க ஒரே கம்பெனி. கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஒரு விளையாட்டை நடத்துகிறார்கள். விளையாட்டு என்றால் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு எழுந்து போகிற சமாச்சாரம் இல்லை. அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. கோட்டை, காடு, குகை, குகைக்குள் பூதம். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் மாதாமாதம் சந்தா கட்டி உள்ளே போய், ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, கூட்டமாகச் சேர்ந்து பூதத்தை வெட்டுகிறார்கள். பூதம் மறுநாள் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி வெட்டுவார்கள். சந்தா மட்டும் ஒருநாளும் சாகாது.

பொத்தான் அமுக்க ஓர் ஆளா என்று கேட்பீர்கள். நான் சேர்ந்தபோது முதலாளிக்குப் பொத்தானைத் தொடப் பிடிக்காது. கிருமி இருக்குமாம். காசில் இருக்கிற கிருமிக்கு அவர் பயந்ததாகத் தெரியவில்லை. பிறகு அவர் ஒரு தீவை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் விரல் இருக்கிறது என்பது கம்பெனிக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் பெரியவரே என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அக்கா இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு என்னோடு வந்துவிட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவள் நடமாட்டம். கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன். சும்மா இருக்கட்டும் என்றுதான். அவள் சந்தா கட்டி அந்த விளையாட்டுக்குள் போய்விட்டாள். அங்கே அவளுக்கு மருத்துவச்சி வேஷம். சண்டையில் அடிபட்டு விழுகிறவர்களைத் தொட்டு எழுப்புவாள். சாயங்காலம் ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய குழுவோடு கிளம்பிவிடுவாள். அவள் வாசலைத் தாண்டுவது என்றால் அது ஒன்றுதான். அதனால் எனக்குச் சம்பளம் நின்றால் இரண்டு பேருக்குச் சோறும் அவளுக்கு ஊரும் நின்றுபோகும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் லிஃப்ட்டில் இருமினேன். கூட ஒருவர் இருந்தார். விளையாட்டுக்கு வேண்டிய ஓசைகளைப் பிடிக்கிறவர். சத்தக்காரர் என்றுதான் அவரைச் சொல்வேன். அவர் இறங்க வேண்டிய மாடி வந்தும் இறங்கவில்லை.

"ஐயா, இது உங்க சொந்த இருமலா?"

"பின்னே, பக்கத்து வீட்ல இரவல் வாங்கிட்டு வந்தேனா?"

"இன்னொரு தடவை இருமுங்க."

"வந்தா இருமுவேன். வாசல்ல நிக்கிற நாயா, கூப்பிட்டதும் வர்றதுக்கு."

அவர் ஓடிப்போய், பூனைக்குட்டி மாதிரி மயிர் மூடிய ஒரு மைக்கைக் கொண்டுவந்தார். அன்று பூராவும் என்னோடு மேலும் கீழும் போனார். இருமல் வரும்போதெல்லாம் பிடித்துக்கொண்டார். முடிவில் ஒரு விசில் வருகிறதாம், அது எங்கே தேடினாலும் கிடைக்காதாம். நான் அவரை நம்பவில்லை. என்னைப் பாராட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஏதோ வாங்கிக்கொண்டு போகத்தான் பாராட்டுகிறார்கள்.

சாயங்காலம் மகிழ்ச்சித் துறை மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விளையாடுகிறவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய வேலை. அவர் அறையில் ஒரு பெரிய திரையில் சிவப்புக் கோடு ஒன்று ஏறி ஏறிப் போனது. அது மகிழ்ச்சியா என்று கேட்டேன். இல்லை, கோபம் என்றார். மகிழ்ச்சியை அளக்க இன்னும் கருவி வரவில்லையாம்.

"ஐயா, உங்க வேலை போகாது. ஸ்டூல் உங்களுக்கே. ஒரே ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"அந்த இருமலை எங்களுக்குக் கொடுக்கிறீங்க. இனிமே அது கம்பெனி சொத்து. வெளியில, லிஃப்ட்ல, எங்கயும் அதை உபயோகிக்கக் கூடாது."

"சளி பிடிச்சா?"

"லீவு போட்டுக்கோங்க. மருந்து மட்டும் சாப்பிடாதீங்க. அடுத்த பாகத்துக்குத் தேவைப்படலாம்."

என்னத்துக்கு இந்த இருமல் என்று கேட்டேன். விளையாட்டின் சூழலுக்கு என்றார். ஊர்ப் புகையில் சூழலுக்கு ஏற்கெனவே இருமல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஸ்டூல் தப்பியது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து, சாயங்காலம், நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியில். அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தாள்.

"ஏண்டா, இருமினியா?"

"இல்லையே."

"கேட்டுதே."

மறுபடி கேட்டது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு அவளுக்குக் காட்டினேன். அக்கா திரையைப் பார்த்தாள். அந்த ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இல்லாத மழை. மருத்துவச்சி வெள்ளைப் புடவை நனைந்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்று இருமினாள். என் இருமல். அந்த விசிலோடு.

"உன் இருமல் மாதிரியே இருக்கு," என்றாள் அக்கா.

"எல்லா இருமலும் ஒண்ணுதான்."

"எவனோ நெஞ்சு கெட்ட மனுஷனைப் பிடிச்சு இரும வெச்சிருக்கானுங்க. பாவம். வீட்ல ஆள் இல்லாதவனா இருக்கும். இருந்தா இப்படி விட்டிருப்பாங்களா?"

"ஆமாம். பாவம்," என்று சொல்லிவிட்டு நான் காலரைத் தீய்த்துவிட்டேன்.

மழை வந்த மறுவாரம் விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் குடை வந்தது. குடைக்குத் தனிக் காசு. குடை பிடித்தால் நனைய வேண்டாம், இரும வேண்டாம். கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லிஃப்ட் சுவரிலும் ஒட்டினார்கள், நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "குடை வெறும் அலங்காரம். குடை இல்லாதவர்கள் எதையும் இழப்பதில்லை. குடை வாங்குவது உங்கள் விருப்பம். மழை எங்கள் விருப்பம்."

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் எங்கள் அப்பா சொத்து பிரித்தபோதுகூடப் பார்த்ததில்லை. "மாசாமாசம் வாடகை கொடுக்கிற வீடுடா இது. கூரையில ஓட்டையைப் போட்டுட்டு, கீழ நின்னுக்கிட்டு பாத்திரம் விக்கிறானுங்க," என்றாள்.

அவள் குழுவிலும் அதே கொதிப்பு. அந்தக் குழுவுக்குத் தலைவன் ஒரு தையற்காரன். எந்த ஊரோ. விளையாட்டுக்குள் அவனுக்குத் தளபதி வேஷம், ஆள் உயர வாள். வெளியே பொத்தான் தைக்கிறவன். அக்கா ஹெட்போன் மாட்டாமல் இருந்தால் அவன் குரல் எங்கள் வீடு முழுக்கக் கேட்கும்.

"அக்கா, நம்ம குழுவுல எவனும் குடை பிடிக்கக் கூடாது. நனைவோம். செத்தாலும் நனைஞ்சே சாவோம்."

"நான் இருக்கிறவரைக்கும் நீ சாகமாட்டே. தொட்டு எழுப்பிடுவேன்," என்றாள் அக்கா. பிறகு அவளுடைய மருத்துவச்சி இருமினாள். ஊருக்கு வைத்தியம் பார்க்கிறவளுக்கே இருமலா என்று யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்கும் இருமல் வந்திருந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அடக்கினேன். கையெழுத்துக்குப் பயந்தா, அக்காவுக்குப் பயந்தா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் மகிழ்ச்சி மேடமும் அவருக்குக் கீழே கோபத்தை அளக்கிறவனும் லிஃப்ட்டில் ஏறினார்கள். லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. ஸ்டூலைத்தான் தெரியும்.

"கோபம் எப்படி இருக்கு?" என்றார் மேடம்.

"நல்லா இருக்கு மேடம். நேத்தைவிட ஏறியிருக்கு."

"திட்டுறாங்களா, இல்லை பேசாம இருக்காங்களா?"

"திட்டுறாங்க. உங்களைப் பேர் சொல்லியே திட்டுறாங்க."

"ரொம்ப சந்தோஷம். திட்டுறவங்க போகமாட்டாங்க. திட்டுறதுக்காவது சந்தா கட்டுவாங்க. பேசாம இருக்கிறவங்களைத்தான் கவனிக்கணும். அவங்களைக் கோபப்படுத்த வேற ஏதாவது பண்ணணும்."

ஜனங்கள் கோட்டை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். குடை இல்லாமல் மழையில் நின்று எல்லோரும் இருமுவது. அதுதான் போராட்டம். அக்காவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை தலை. ராஜா, திருடன், மந்திரவாதி, குதிரைமேல் வந்தவன், எல்லோருக்கும் என் இருமல். ஒரு பக்கம் முடிந்து விசில் அடிப்பதற்குள் மறுபக்கம் ஆரம்பிக்கும். அந்த வாசல் பூராவும் நானே நின்றுகொண்டு என்னையே எதிர்ப்பது போலிருந்தது. 

இந்தப் போராட்டத்தைப் பார்த்துக் கம்பெனி மனமிரங்கியது. மேடம் பேசிய பேச்சைக் கட்டடம் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டார்கள். "நம்ம எதிர்ப்பாளர்கள் வெறுங்கையோட மழையில நிக்கிறதைப் பார்க்க எனக்குத் தாங்கலை. ஒரு போராட்டத்துக்கு வர்றவங்களுக்கு அடிப்படை வசதி வேணாமா? அவங்க எங்களை எதிர்க்கிறாங்க. ஆனா அவங்க எங்க குடும்பம்." அன்றைக்கே கடையில் கொடி வந்தது. 'குடை வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்ட கொடி. அதற்கும் தனிக் காசு. பெரிய கொடி, சின்னக் கொடி, ஜரிகை வைத்த கொடி.

தளபதி ஜரிகைக் கொடியோடு வந்து நின்றான்.

"காசு கொடுத்தா வாங்கினே?" என்றாள் அக்கா.

"கொடி வேற அக்கா. அது கொள்கை."

ஆனால் கொள்கை மழையில் நனைந்தால் சுருண்டுகொண்டது. கம்பெனி அப்படித்தான் அதைச் செய்திருந்தது. சுருண்ட கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. குடைக்குள் பிடித்தால் நன்றாகத் தெரிந்தது. இரண்டொரு நாளில் கோட்டை வாசலில் குடைகள் முளைத்தன. குடைக்குக் கீழே 'குடை வேண்டாம்' என்று கொடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நானும் பிடிச்சிருக்கேன்தான் அக்கா," என்றான் தளபதி. "கொடிக்காகத்தான். எனக்காக இல்லை."

"சரி. அப்ப நீ குடைக்கு வெளிய நில்லு. கொடி மட்டும் உள்ள நிக்கட்டும்," என்றாள் அக்கா.

அவன் கொடியைச் சரிசெய்துகொண்டான். உள்ளேயே நின்றான்.

ஒவ்வொருவராகக் குடை வாங்கினார்கள். கடைசியில் அந்தக் குழுவில் அக்கா ஒருத்திதான் நனைந்தாள். அவளிடம் காசு இல்லாமல் இல்லை. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது, அதன்படி நிற்கிறேன் என்றாள். இப்படிப்பட்ட ஆள் அவள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை வேலைநிறுத்தம் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு, மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போக, இவள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

குடை வைத்திருந்தவர்களுக்கு இருமல் இல்லை என்றாலும் காது இருந்தது. பக்கத்தில் நிற்கிறவள் இருமினால் கேட்கும். முதலில் முனகினார்கள். பிறகு நேராகவே சொன்னார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் தளபதி. "குகைக்குள்ள போகும்போது உங்க இருமல்ல ஒண்ணுமே கேட்கமாட்டேங்குது. நீங்க வெளியவே இருங்க. யாராவது விழுந்தா கூப்பிடுறோம்."

"குகைக்குள்ள ஏதுடா மழை?"

"நனைஞ்சிட்டுத்தானே உள்ள வர்றீங்க. ஈரம் காயுற வரைக்கும் இருமுது. ஒரு குடை வாங்கிட்டா முடிஞ்சுது."

அவள் வெளியே நின்றாள். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு குகை வாசல், மழை, மருத்துவச்சி. வேறு ஒன்றும் அசையவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றாமல், கையைக் கம்ப்யூட்டர் மவுஸ்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும் என்று. உள்ளே யாரும் விழவில்லையா, விழுந்தும் கூப்பிடவில்லையா தெரியாது. மருத்துவச்சி அவ்வப்போது இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் அக்கா ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள். 

மறுநாளும் வெளியே. அதற்கு மறுநாளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. மகிழ்ச்சி மேடம் தனியாக லிஃப்ட்டில் வந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மேடம், எங்க அக்கா இந்த விளையாட்டுதான் ஆடுறா. அவளுக்கு ஒரு குடை வேணும்."

"உங்க அக்காவா? இதை ஏன் ஐயா முன்னாடியே சொல்லலை?"

"அவளுக்கே தெரியக் கூடாது மேடம். யாருக்கும் தெரியக் கூடாது. மழை அவமேல படாத மாதிரி சத்தமில்லாம ஏதாவது பண்ணிடுங்க."

"நிச்சயமா. சத்தமில்லாம," என்றார் மேடம். நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கை வைத்ததைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். நம்பிவிட்டேன். யாரையும் நம்பாத எனக்கு வந்த வினை.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரிலிருந்து எக்காளம் ஊதியது. அக்கா நாற்காலியோடு பின்வாங்கினாள். மருத்துவச்சியின் தலைக்கு மேலே தங்கக் குடை ஒன்று விரிந்தது. ஓரமெல்லாம் மணி. அவள் அசைந்தால் மணி அடித்தது. அந்த ஊரின் வானத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, எழுத்து ஓடியது: கம்பெனியின் அன்பைப் பெற்ற மருத்துவச்சி வாழ்க.

"என்னடா இது," என்றாள் அக்கா. என்னைக் கேட்கவில்லை. திரையைக் கேட்டாள். குடையை மடக்கப் பார்த்தாள். மடக்க வழியில்லை. மடக்குகிற வசதி தனியாம், கடையில் இருக்கிறதாம்.

குழு வந்தது. எல்லோரும் அவரவர் குடைக்குள் நின்றார்கள்.

"எத்தனை நாளா அக்கா இந்த வேலை?" என்றான் தளபதி.

"எந்த வேலைடா?"

"நாங்க இங்க பேசினதெல்லாம் அங்க போய்ச் சொல்லிட்டு இருந்திருக்கீங்க. இல்லேன்னா சும்மா தங்கக் குடை கொடுப்பானா?"

"எனக்கு எதுவும் தெரியாது. சத்தியமா தெரியாது."

"அதான் கொள்கை, கொள்கைன்னு நனைஞ்சிட்டு நின்னீங்களா? நடிப்பு நல்லா இருந்துது அக்கா."

இதைக் காசு கொடுத்து வாங்கிய குடைக்குக் கீழே நின்றுகொண்டு அவன் சொன்னான். பிறகு ஒரு சின்ன மணி அடித்தது. அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவச்சி தங்கக் குடையோடு தனியாக நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவளைச் சுற்றி வந்து பார்த்துத் துப்பினார்கள். துப்புகிற அசைவும் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "உங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்கில்ல? நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. இந்தக் குடையைத் திருப்பிக் கொடுக்கணும்," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் கேட்பாளே.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, மறுநாள் கம்பெனியில் செவிசாய்ப்பு விழா. வருஷத்துக்கு ஒரு தடவை விளையாடுகிறவர்களை வரவழைத்துக் குறை கேட்பார்கள். மேல்மாடியில் பெரிய அறை, மேடை, மேடையில் அதிகாரிகள் வரிசையாக. எல்லோரும் சட்டையில் காது படம் போட்ட வில்லை குத்தியிருந்தார்கள். போட்டோ எடுக்கும்போது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்கள். குறை சொல்ல வந்தவர்கள் பேசும்போது மேடைப் பக்கத்து ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். போட்டோவுக்கு இடைஞ்சல் என்று.

அக்காவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். அவள் நடக்க உதவுகிற இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக மேடைக்குப் பக்கத்தில் போனாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. வார்டில் கத்திப் பழகிய குரல்.

"எனக்கு ஒரு குடை கொடுத்திருக்கீங்க. நான் கேட்கலை. எடுத்துக்கோங்க."

மேடம் எழுந்து நின்று கைகூப்பினார். "அம்மா, உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம். இந்தக் கம்பெனி கொடுத்ததைத் திரும்ப எடுத்ததே கிடையாது. எடுத்ததைத் திரும்பக் கொடுத்ததும் கிடையாது. அதுதான் எங்க நேர்மை."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"உங்க தம்பியைக் கேட்டுத்தான். அவர்தான் வந்து கேட்டார். எங்க ஊழியர் ஒருத்தர் கேட்டா நாங்க மறுப்போமா?" மேடம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் லிஃப்ட் வாசலில் நின்றேன். "எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்றேன். நம்ம மழைக்கு உயிர் கொடுத்த இருமல் இவரோடது. இருங்க, தப்பு. எங்களோடது. இவர் வழியா வந்தது. இந்த ஒரு இருமலாலதான் இந்த வருஷம் இவ்வளவு குடை வித்திருக்கு. ஐயாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். குறை சொல்ல வந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பொத்தானைப் பார்த்தேன்.

இறங்கும்போது லிஃப்ட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்டூலில் அவளை உட்கார வைத்திருந்தேன்.

"பாவம்னு சொன்னேனேடா," என்றாள் பாதி வழியில். "வீட்ல ஆள் இல்லாதவன்னு சொன்னேன். நீயும் ஆமான்னே."

"வேலை போயிருக்கும் அக்கா."

"போயிருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம்."

 வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தச் சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டாள், தட்டை நீட்டினால் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குழு கிளம்புகிற நேரம் வந்தால் மட்டும் அவள் கண் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

மூன்றாம் நாள் நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் போடுவதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தெரியும். மருத்துவச்சி தங்கக் குடையோடு எழுந்து நின்றாள். மணியடித்துக்கொண்டே அவளைக் குகை வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். வழியில் இரண்டு தடவை ஆற்றில் விழுந்தேன். குகை வாசலில் குழு நின்றது. எனக்கு ஹெட்போன் மாட்டத் தெரியாது, எல்லாம் வெளியிலேயே கேட்டது.

"வந்துட்டாங்க கம்பெனிக்காரி," என்றது ஒரு குரல்.

"நான் அக்கா இல்லை. அவ தம்பி," என்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. குடை வேணும்னு போய்க் கேட்டது நான். நீங்க அவளை வெளிய நிக்க வெச்சது பொறுக்காம கேட்டேன். நீங்க இருமின இருமலும் என்னோடதுதான். வேலைக்காக வித்துட்டேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

மருத்துவச்சியைச் சுற்றிக் குடைகள் நெருங்கி வந்தன.

"எப்படி நம்புறது?" என்றான் தளபதி. "இருமிக் காட்டுங்க."

கையெழுத்து ஞாபகம் வந்தது. போகட்டும் என்று இருமினேன். அத்தனை நாள் துண்டுக்குள் அடக்கி வைத்தது. தொடங்கியது நிற்கவில்லை. கடைசியில் விசில் வந்தபோது அந்தப் பக்கம் யாரோ, "அதேதான்," என்றார்கள்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருக்கும்போலத்தான் இருந்தது.

"ஐயா," என்றான் தளபதி. குரல் மாறியிருந்தது. "நீங்க கேட்டா கொடுத்துடுவாங்களா?"

"எதை?"

"இந்தத் தங்கக் குடை. மணி வெச்சது. மடக்குற வசதியோட கிடைச்சா இன்னும் நல்லது."

"எனக்கும் ஒண்ணு சொல்லுங்க ஐயா," என்றது இன்னொரு குரல். "சிவப்புல இருந்தா சிவப்பு."

"அக்காவை நாளைக்கே வரச் சொல்லுங்க," என்றான் தளபதி. "அவங்க இல்லாம எங்களுக்குக் கை உடைஞ்ச மாதிரி இருக்கு. நாங்க என்னிக்கு அவங்களைத் தப்பா நினைச்சோம்?"

எனக்கு ரத்தம் ஏறியது. "எங்க அக்காவை என்னன்னு நினைச்சே? அவ வரமாட்டா. ஒரு குடைக்காக அவளைத் துரத்திட்டு, இன்னொரு குடைக்காகக் கூப்பிடுறீங்க. உங்க மூஞ்சியில அவ முழிக்கமாட்டா," என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு நல்ல காரியமாவது செய்துவிட்டோம் என்றிருந்தது.

"வரேன்னு சொல்லு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

"அக்கா..."

"வரேன்னு சொல்லுடா. குடை வாங்கித் தரேன்னும் சொல்லு. சிவப்பு கேட்டவனுக்குச் சிவப்பு."

நான் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தளபதி அக்கா வாழ்க என்றான்.

மறுநாள் மகிழ்ச்சி மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. விளையாட்டுக்குள் பேசுவது எல்லாம் அங்கே கேட்குமாம்.

"நேத்து இருமிட்டீங்க," என்றார். "விதிப்படி தப்பு. பரவாயில்லை ஐயா, அதையும் நாங்களே வெச்சுக்கிறோம். முன்னதைவிட நல்லா வந்திருக்கு. குடைதானே? உங்க அக்கா குழுவுக்கு எல்லாருக்கும் கொடுத்துடலாம். பதிலுக்கு ஒரு சின்ன உதவி."

"என்ன?"

"அடுத்த மாசம் துக்கம் கொண்டுவர்றோம்."

"துக்கமா?"

"அலங்காரத்துக்கு மட்டும்தான். ஆட்டத்துல எந்தப் பாதிப்பும் இருக்காது. சும்மா நிக்கும்போது திடீர்னு அழுகை வரும், அவ்வளவுதான். கைக்குட்டையெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. அழுகைதான் சரியா அமையலை. நடிகர்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம், நம்புற மாதிரி இல்லை. வயசான குரலா, எங்கயோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

 அக்கா காலையிலேயே எழுந்து தலை சீவிக்கொண்டு, சாயங்காலத்துக்காக ஹெட்போனைத் துடைத்து வைத்திருந்ததை நினைத்தேன். இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.

சத்தக்காரர் என்னைப் பஞ்சு ஒட்டிய ஓர் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலை ஆட்டினார். அவ்வளவுதான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்து, முதல் தடவையே சரியாக வந்துவிட்டது, போதும், எழுந்திருங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் மைக்கை அணைத்தார், விளக்கை அணைத்தார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் நிறுத்த வரவில்லை.